சென்னையிலிருந்து காரில் நாசிக்: எந்த ஒயின் தோட்டம், எங்கே சாப்பாடு?

திருவான்மியூர்_அனு:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் நாங்கள் நான்கு பேர், நானும் என் வீட்டுக்காரரும், அவருடைய காலேஜ் நண்பரும் அவர் மனைவியும், சென்னையிலிருந்து காரிலேயே நாசிக் போய் ஒயின் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஃபிளைட்டில் போகலாமே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், வழியில் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டே போவதுதான் எங்களுக்குப் பாதி ஆசை. குடியரசு தின விடுமுறையையும் சேர்த்து ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே லீவு கிடைக்கும்.

இப்போதைக்குத் திட்டம் இதுதான். முதல் நாள் விடியற்காலை கிளம்பி, நந்தி மலை அடிவாரத்தில் இருக்கும் குரோவர் ஜாம்பா ஒயின் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாக நாசிக். அங்கே 25, 26 இரண்டு நாள். சூலா, யார்க், சோமா, ஷாந்தோன், வல்லோனே ஐந்தையும் அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறார். முதல் நாள் மூன்று, மறுநாள் இரண்டு.

இது நடக்கிற காரியமா? மதியச் சாப்பாட்டைத் தோட்டத்திலேயே வைத்துக்கொள்வதா, ஊருக்குள் வந்து சாப்பிடுவதா? நண்பரின் மனைவி சுத்த சைவம், ஒயினும் தொடமாட்டார், ஆனால் எங்களோடு சுற்றுவதில் அவருக்கு ஆர்வம்தான். அவருக்கு அலுத்துப்போகாமல் நாளை எப்படி அமைப்பது? இங்கே எலைட் கடையில் எப்போதாவது ஒரு பாட்டில் வாங்குவோம், அதைத் தாண்டி எங்களுக்கு ஒயின் பற்றி எதுவும் தெரியாது. அதனால் அடிப்படையிலிருந்தே சொன்னாலும் சந்தோஷம்.

நாசிக்_மீனாட்சி:

அனு, முதலில் அந்த 26ஆம் தேதியை மாற்றுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றும் நாடு முழுக்க டிரை டே. தோட்டத்துக்குள் போனாலும் அன்றைக்கு ஒரு சொட்டு ஊற்றமாட்டார்கள். 1,400 கிலோமீட்டர் ஓட்டி வந்து திராட்சைக் கொடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது பெரிய கொடுமை. அதுவும் இல்லாமல், விடுமுறையோடு ஒட்டி வருகிற சனி ஞாயிறில் மும்பையே இங்கே வந்து இறங்கிவிடும். செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் எந்த நாளாவது வந்து பாருங்கள், அதே இடம் வேறு இடமாக இருக்கும், ஊற்றித் தருகிறவர் நின்று பேசுவார், நீங்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார்.

அடுத்தது, ஒரே நாளில் மூன்று வேண்டாம். கணக்கு இப்படி: டேஸ்டிங் என்றால் பெரும்பாலும் ஐந்தாறு ஒயின், ஒவ்வொன்றும் சுமார் 30 மில்லி. ஒரு தோட்டத்திலேயே நல்ல பெரிய கிளாஸ் அளவு உள்ளே போய்விடும். இரண்டு தோட்டம், நடுவில் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் என்றால் ஆளுக்கு அரை பாட்டிலைத் தாண்டும். அதற்கு மேல் நாக்குக்கு எதுவுமே தெரியாது, மூன்றாவது இடத்தில் எது கொடுத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலை பதினொன்றரைக்கு ஒன்று, அங்கேயே மதியச் சாப்பாடு, திரும்பி வந்து ஒரு மணி நேரமாவது படுத்து எழுந்திருங்கள், சாயங்காலம் இன்னொன்று. இவ்வளவுதான் நாள்.

எந்த இரண்டைச் சேர்ப்பது என்பதைத் திசை பார்த்து முடிவு செய்ய வேண்டும், உங்கள் வீட்டுக்காரர் ஷீட்டில் அது இருக்காது. சூலா, யார்க், சோமா மூன்றும் ஊருக்கு மேற்கே கங்காபூர் அணைப் பக்கம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நேரமே ஆகாது. ஷாந்தோன் வடக்கே திண்டோரியில். வல்லோனே மும்பை போகும் வழியில் இகத்புரி பக்கம், கவ்னாய் கிராமத்தில். திண்டோரியையும் இகத்புரியையும் ஒரே நாளில் கோத்தால் நாள் முழுக்கக் காரில்தான் போகும். 2027 சிம்ஹஸ்த கும்பமேளாவுக்காக ஊருக்குள் சாலை வேலை வேறு நடக்கிறது, ஊரைக் குறுக்கே கடப்பதற்கே பொறுமை வேண்டும்.

நானாக இருந்தால் முதல் நாள் காலை சூலா. இந்தப் பக்கம் ஒயின் என்று ஒன்று பெரிதாக வந்ததே அவர்களால்தான். ராஜீவ் சாமந்த் கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் வேலையை விட்டுவிட்டு வந்து தொண்ணூறுகளில் இங்கே கொடி நட்டார், 2000இல் முதல் ஒயின் வெளியே வந்தது. அதற்கு முன்னால் நாசிக் என்றால் சாப்பிடும் திராட்சைதான். கூட்டம் அதிகம், கொஞ்சம் திருவிழா மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றும் தெரியாமல் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டி விளக்குவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. பழம் எங்கே வந்து இறங்குகிறது, எப்படிப் பிழிகிறார்கள், ஸ்டீல் தொட்டி எதற்கு, ஓக் பீப்பாய் எதற்கு, எல்லாம் அங்கே புரிந்துவிடும். உள்ளேயே உணவகங்கள் இருக்கின்றன, சைவத்துக்குப் பஞ்சமில்லை, மதியம் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் யார்க். இது குர்னானி குடும்பம் ஆரம்பித்தது, 2021இல் சூலாவே வாங்கிவிட்டது, ஆனாலும் இடத்தின் சுபாவம் மாறவில்லை. மாடியில் உட்கார்ந்தால் எதிரே கங்காபூர் அணைத் தண்ணீர் முழுசாகத் தெரியும். ஐந்து மணிக்கே போய் விளிம்பு மேஜையைப் பிடியுங்கள். ஆறு மணிக்குத் தண்ணீர் செம்பு நிறத்துக்கு வரும், சரியாக அந்த நேரத்தில் காற்றும் மாறும், மேஜையில் இருக்கிற டிஷ்யூ காகிதமெல்லாம் பறக்கும், பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். சென்னைக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், ஜனவரி ராத்திரி இங்கே பத்து டிகிரி வரை இறங்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள்.

இரண்டாம் நாள் வல்லோனே மட்டும் போதும். சின்ன இடம், கீழே முக்னே அணை ஏரி, சாப்பாடும் உண்டு. வியோன்யே, மால்பெக் மாதிரி மற்ற இடங்களில் அதிகம் பார்க்காத திராட்சை வகைகளை அங்கே கேளுங்கள். ஷாந்தோன் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அது கிடைத்தால் மூன்றாம் நாள் காலையில் வையுங்கள். அது நுரை ஒயின் செய்கிற இடம். நுரை வருவதற்கான இரண்டாவது நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடக்கும், அங்கே அதைக் கண்ணால் பார்க்கலாம்.

நீங்கள் வரும் மாதம் அருமையான மாதம், அதை மட்டும் மாற்றாதீர்கள். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும், அறுவடை ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள். நம் வெயிலில் கொடி தூங்குவதே இல்லை. அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது: கோடையில் ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை முடிந்து செப்டம்பர் அக்டோபரில் இன்னொன்று. அந்த இரண்டாவது கவாத்துக்குப் பிறகு வருகிற காய்ப்புதான் ஒயினுக்கு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை பறிப்பார்கள். ராத்திரிக் குளிரில் பழத்தின் புளிப்பு குறையாமல் நிற்கும், நல்ல ஒயினுக்கு அந்தப் புளிப்பு வேண்டும். ஜனவரி கடைசியில் வெள்ளைக்கான பழங்கள் பறித்துக்கொண்டிருப்பார்கள், சிவப்புக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

டேஸ்டிங் மேஜையில் கூச்சமே வேண்டாம். நுரை, வெள்ளை, ரோஸே, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்ற வரிசையில் ஊற்றுவார்கள். பிடிக்காததைப் பக்கத்தில் இருக்கும் வாளியில் கொட்டலாம், வாயிலேயே சுழற்றித் துப்பவும் செய்யலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், வாளி வைத்திருப்பதே அதற்குத்தான். நடுநடுவே தண்ணீர். பிடித்தது எது, ஏன் பிடித்தது என்று போனில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் பெயரெல்லாம் குழம்பிவிடும்.

காலைச் சாப்பாட்டை மட்டும் ஓட்டலில் சாப்பிடாதீர்கள். கங்காபூர் சாலைப் பக்கம் விறகடுப்பு மிசல் கிடைக்கும், சாதனா என்ற கடை பெயர் பெற்றது. முளைகட்டிய பயறு, மேலே சேவ், பக்கத்தில் கிண்ணத்தில் எண்ணெய் மிதக்கும் ரசா என்ற சிவப்புக் குழம்பு, பாவ், வெங்காயம், எலுமிச்சை. ரசாவை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளுங்கள், சேவ் மொறுமொறுப்பாகவே இருக்கும். உங்கள் தோழிக்குச் சைவத்தில் இதைவிட நல்ல காலை வேறு எங்கும் கிடைக்காது. ஒயின் தொடாதவர் என்பதால் அவரைக் காரோட்டியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள், பாவம். நாள் வாடகைக்கு உள்ளூர் டாக்ஸி எடுங்கள். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே வழக்கு, முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட.

பூந்தமல்லி_ரமேஷ்:

மீனாட்சி அக்கா நாசிக்கை முழுசாகச் சொல்லிவிட்டார், நான் வழியை மட்டும் சொல்கிறேன்.

குரோவர் ஜாம்பா போவதாக இருந்தால் பெங்களூரு ஊருக்குள் நுழையவே நுழையாதீர்கள். ஹொசகோட்டேயில் பிரிந்து தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர், தாபஸ்பேட்டை என்று வெளிவட்டச் சாலை போகிறது, தோட்டம் தொட்டபள்ளாப்பூர் பக்கத்தில்தான், பார்த்துவிட்டு அதே சாலையில் போய் தாபஸ்பேட்டையில் தும்கூர் ரோட்டைப் பிடித்துவிடலாம். கன்வல் குரோவர் 1988இல் ஆரம்பித்த இடம், நாசிக்குக்கெல்லாம் முந்தி. அவர்களுடைய லா ரிசர்வ் என்ற சிவப்பைக் கட்டாயம் ருசித்துப் பாருங்கள், பிறகு நாசிக்கில் குடிப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் அன்றைக்கு ராத்திரி ஹூப்ளி வரை ஓட்டுவது என்பது வேண்டாம் ப்ரோ, சாரி, சகோதரி. டேஸ்டிங் முடித்த கையோடு நானூறு கிலோமீட்டர் ஓட்ட யாருக்கும் தெம்பு இருக்காது, ஓட்டவும் கூடாது. ருசி பார்க்காத ஒருவர் வண்டியை எடுத்து சித்ரதுர்கா வரை வந்தால் போதும், அங்கே தங்கி, காலையில் தாவணகெரேயில் பெண்ணெ தோசை. மேலே ஒரு உருண்டை வெண்ணெய் வைத்து, உருளைக்கிழங்கு பல்யாவும் தேங்காய்ச் சட்னியும். காரம் இல்லாத சட்னி, அதை எதிர்பார்த்தே உட்காருங்கள்.

இரண்டாம் நாள் இரவு கோலாப்பூர். அசைவம் சாப்பிடும் மூன்று பேரும் தாம்ப்டா ரசா, பாண்ட்ரா ரசா இரண்டும் கேளுங்கள், சிவப்பு ஒன்று, தேங்காய்ப் பாலில் வெள்ளை ஒன்று, இரண்டும் மட்டன் வேகவைத்த தண்ணீரில் செய்வது. மூன்றாம் நாள் புனேயைத் தொடாமல் வெளியே வெளியே போய் மத்தியானத்துக்குள் நாசிக். காலையில் எட்டரைக்கு மேல் புனேக்குள் மாட்டினால் அந்த நாள் அவ்வளவுதான்.

ஃபாஸ்டேகில் பணம் தாராளமாகப் போட்டு வையுங்கள், டோல் வரிசையாக வரும்.

கோடம்பாக்கம்_ஷா:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போகவர ஆறு நாள் ரோட்டில், தோட்டத்தில் இரண்டு மூன்று நாள் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒயின் பழக்கமே இல்லாதவர்கள் முதல் தடவை கர்நாடகத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே. முதல் நாள் நந்தி அடிவாரம், மறுநாள் மைசூரு வழியில் சன்னபட்டணத்தில் சூலாவின் இன்னொரு தோட்டம், டொமேன் சூலா. முன்பு ஹெரிடேஜ் ஒயினரியாக இருந்ததை வாங்கி நடத்துகிறார்கள். நாசிக் சூலா அளவுக்குப் பெரிது கிடையாது, ஆனால் நிதானமாக இருக்கும்.

சாப்பாட்டுக்கும் அந்த வழி குறைந்ததில்லை. பிடதியில் தட்டு இட்லி, மத்தூரில் மத்தூர் வடை. ஒன்று கவனியுங்கள், புது எக்ஸ்பிரஸ்வே இந்த ஊர்களையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுப் போகிறது, மேலேயே போனால் மைசூரு வரை ஒரு இட்லிகூடக் கண்ணில் படாது. பிடதிக்கு முன்னால் பழைய சாலையில் இறங்கிவிட வேண்டும். சன்னபட்டணத்தில் மர பொம்மைக் கடைகள் தெருத்தெருவாக இருக்கின்றன, உங்கள் தோழி அங்கே ஒரு மத்தியானத்தைச் சந்தோஷமாகக் கழிப்பார். மிச்ச நாள் மைசூரு. வீடு திரும்பும்போது முதுகு வலிக்காது.

நாசிக்_மீனாட்சி:

ஷா சார், முதுகு விஷயம் நியாயம்தான். ஆனால் அனு வழியில் சாப்பிடுவதே பாதி ஆசை என்று முதலிலேயே எழுதியிருக்கிறார், தாவணகெரே தோசையும் கோலாப்பூர் ரசாவும் மிசலும் ஒரே பயணத்தில் கிடைக்க வேறு வழி கிடையாது. தவிர, அடுத்தடுத்து இருக்கிற இரண்டு தோட்டங்களில் ஒரே வகைத் திராட்சையை ருசித்து வித்தியாசம் பார்ப்பதற்கு நாசிக் மாதிரி இடம் நம் நாட்டில் இல்லை. ஷெனான் பிளாங்க் என்ற வெள்ளையைச் சூலாவிலும் குடியுங்கள், யார்க்கிலும் குடியுங்கள், அப்போது தெரியும்.

அண்ணாநகர்_டேவிட்:

பாட்டில் வாங்கி வருவது பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். தோட்டத்தில் ருசித்த சந்தோஷத்தில் டிக்கி நிறைய வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். மது மாநில விஷயம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் வரி தனி, பாட்டிலிலேயே மகாராஷ்டிராவில் விற்பனைக்கு மட்டும் என்று அச்சடித்திருக்கும். திரும்பி வரும்போது கர்நாடகம் தாண்டி நம் எல்லைக்குள் நுழைய வேண்டும், வெளிமாநில பாட்டிலுக்கு நம் ஊர் செக்போஸ்ட்டில் எவ்வளவு கெடுபிடி என்று பாண்டிச்சேரி போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். வண்டியையே பிடித்து வைத்தால் லீவு முழுக்க அதிலேயே போய்விடும். ஃபிளைட்டில் வருகிறவர்கள் ஐந்து லிட்டர் வரை கொண்டுவரலாமே என்பார்கள், அது 24 முதல் 70 சதவீத ஆல்கஹாலுக்கு விமான பாதுகாப்பு வைத்திருக்கும் வரம்பு, மாநிலச் சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சட்டத்தை விட்டாலும், மூடிய கார் டிக்கியில் பகல் வெயிலில் ஒயின் கெட்டுவிடும். சூட்டில் உள்ளே இருப்பது விரிந்து கார்க்கை மேலே தள்ளும், வீட்டுக்கு வந்து திறந்தால் வேகவைத்த ஜாம் வாசனை வரும். பிடித்த பாட்டிலை அங்கேயே வாங்கி, தங்கும் இடத்தில் ராத்திரிச் சாப்பாட்டோடு நான்கு பேரும், இல்லை மூன்று பேரும், உட்கார்ந்து குடித்து முடியுங்கள். பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள், சூலா, குரோவர், ஃப்ராடெல்லி மாதிரி பெரிய பெயர்களை இங்கே எலைட் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

ஃப்ராடெல்லி என்றதும் ஞாபகம் வருகிறது, அவர்கள் தோட்டம் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில். திரும்பும் வழியை சோலாப்பூர் பக்கமாக மாற்றினால் அதையும் பார்க்கலாம், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே பண்டரிபுரம், உங்கள் தோழிக்கு விட்டலன் தரிசனம் கிடைக்கும்.

திருவான்மியூர்_அனு:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டிரை டே விஷயத்தைப் படித்ததும் வீட்டில் ஷீட்டே மாறிவிட்டது. இப்போது 26ஆம் தேதி கோலாப்பூரிலிருந்து நாசிக் வந்து சேரும் நாள், அன்றைக்கு ஓய்வு மட்டும். 27 சூலா, யார்க். 28 வல்லோனே. 29 காலை ஷாந்தோன் அனுமதி கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் சோமாவில் மதியச் சாப்பாடு. திரும்பும்போது அக்லூஜ், பண்டரிபுரம். பண்டரிபுரம் என்றதும் நண்பரின் மனைவிக்கு அப்படி ஒரு சந்தோஷம், அவர்தான் இப்போது எல்லோரையும்விட வேகமாக அறை புக் செய்துகொண்டிருக்கிறார். ஷா அண்ணா, நீங்கள் சொன்ன சன்னபட்டணத்தை அம்மா அப்பாவோடு போகத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

மீனாட்சி அக்கா, கடைசியாக இரண்டு. நாசிக்கில் ராத்திரிக்கு நல்ல மட்டன் எங்கே தேடுவது? மிசல் மாதிரி காரமான சாப்பாட்டோடு எந்த ஒயின் ஒத்துப்போகும்?

நாசிக்_மீனாட்சி:

மட்டனுக்கு ஒயின் தோட்டத்தை நம்பாதீர்கள், ஊருக்குள் கானாவள் என்று போர்டு போட்ட குடும்பக் கடைகளுக்குப் போங்கள். காந்தேஷ் பக்கத்துக் கறுப்பு மசாலா மட்டன் கேளுங்கள், வெங்காயமும் கொப்பரையும் கருக வறுத்து அரைத்த மசாலா, கூட பாஜ்ரா பாக்ரி என்ற கம்பு ரொட்டி. பாக்ரியைக் கையால் நொறுக்கி ரசாவில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். அங்கே ஒயின் கிடைக்காது, தேவையும் இல்லை. சைவத்துக்கு அதே கடையில் சேவ் பாஜி கேளுங்கள், அதே கறுப்பு மசாலாதான். ஆனால் ரசா தனியாகச் செய்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காரத்தோடு சிவப்பு வேண்டாம், அதில் இருக்கும் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்தால் வாய் இன்னும் எரியும். லேசான இனிப்பு இருக்கும் ஷெனான் பிளாங்க், நன்றாகக் குளிரவைத்து. சிவப்புதான் வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால் சீஸ், பீட்சா இருக்கும் மதிய நேரத்துக்கு ஷிராஸை வைத்துக்கொள்ளட்டும்.

யார்க் மேஜையை முன்னாலேயே போனில் சொல்லி வையுங்கள், அணைப் பக்கம் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். டாக்ஸிக்காரரிடம் திரும்பும் நேரத்தையும் காலையிலேயே பேசிவிடுங்கள், இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வேறு வண்டி சுலபத்தில் கிடைக்காது.